கொமினிகேஷன் கடைக்கு நெட்வேர்க் போடுவது எப்படி? மலையகப் பக்கம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: தலவாக்கலையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். நானும் தங்கச்சியும் சேர்ந்து அடுத்த மாதம் டவுனில் ஒரு கொமினிகேஷன் திறக்கிறோம். கீழே போட்டோகொப்பி, பிரின்ட், ரீலோட், ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. மேல்மாடியில் தங்கச்சி சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஐசிடி வகுப்பு வைக்கப் போகிறாள். பின்னால் முற்றத்தைத் தாண்டி ஒரு ஸ்டோர் ரூம், அங்கே ஒரு கொம்பியூட்டரும் ஒரு கெமராவும்.

கீழே மூன்று கொம்பியூட்டர், மேலே நான்கு லெப்டொப், இரண்டு பிரின்டர், மொத்தம் நான்கு கெமரா. ஃபைபர் லைன் வந்துவிட்டது, ரவுட்டரை வாசல் பக்கச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். கடைக்குள் வைஃபை நன்றாக வருகிறது, படியேறினால் ஒரு கோடுதான், நடுவில் கொங்கிரீட் தட்டு. சாமான் விற்கிற ஒருவர் "மூன்று ரிப்பீட்டர் வாங்கிப் போடுங்க, வயரே தேவையில்லை" என்கிறார். அது சரியா? இன்னொன்று, பிரின்டரை வைஃபையில் போட்டிருக்கிறோம், சரிபார்க்கப் போகும்போதெல்லாம் காலையில் ஒஃப்லைன் என்று காட்டுகிறது, அழித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் வேலை செய்கிறது. கடை திறந்த பிறகு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது இப்படி நடந்தால் என்ன செய்வது?

பதில்: ஹட்டனிலிருந்து

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு கொப்பித் தாளில் கடையை வரைந்து, எந்தச் சாமான் எங்கே நிற்கப் போகிறது என்று குறியுங்கள். இடத்தை விட்டு அசையாதது எல்லாம் வயரில், கையில் தூக்கிக்கொண்டு நடப்பது மட்டும் வைஃபையில். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது. உங்கள் கடையில் கீழே இருக்கிற கொம்பியூட்டர், பிரின்டர், கெமரா எல்லாம் அசையாதவை. ரவுட்டரில் பெரும்பாலும் நான்கு துளைதான் இருக்கும், அது போதாது, 16 துளை உள்ள ஜிகாபிட் ஸ்விட்ச் (ஒரு நெட்வேர்க் வயரைப் பல துளைகளுக்குப் பங்கிடும் பெட்டி) ஒன்று வாங்குங்கள். ரவுட்டரிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு வயர், ஸ்விட்சிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும்.

ரிப்பீட்டர் வேண்டாம். வந்து சேர்கிற பலவீனமான சிக்னலைத்தான் அது திரும்பச் சொல்லும், கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகிவிடும். மேலே ஒரு வயர் இழுத்து அதன் நுனியில் அக்செஸ் பொயின்ட் (வயரில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) ஒன்றை மாட்டுங்கள். கொங்கிரீட்டைத் தாண்ட 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை பரவாயில்லை, ஆனால் டவுனில் பக்கத்துக் கடை எல்லாம் அதில்தான் இருக்கும், அதனால் கீழே சனல் (அந்த அலைவரிசைக்குள் ஒரு பாதை) 1, மேலே 6 அல்லது 11 என்று பிரித்து வையுங்கள். வகுப்புக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் நல்லது, அக்செஸ் பொயின்ட் அதே அறையில் இருந்தால் சுவர் ஒரு பிரச்சினையே இல்லை.

பிரின்டர் கதை எனக்கு நன்றாகத் தெரியும், என் கடையிலும் முதல் இரண்டு மாதம் இதே பாடுதான். ரவுட்டர் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஐபி இலக்கம் கொடுக்கிறது, ஆனால் நிரந்தரமாக இல்லை, வாடகைக்கு. இரவு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால் நேற்று 192.168.1.104 ஆக இருந்த பிரின்டர் இன்று 107 ஆகியிருக்கும். கொம்பியூட்டர் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். ரவுட்டர் செட்டிங்கில், இலக்கம் பங்கிடுகிற டிஎச்சிபி என்ற பக்கத்துக்குப் போய், இந்தப் பிரின்டருக்கு எப்போதும் 192.168.1.20 என்று பதிந்து விடுங்கள். பிரின்டரின் மெக் முகவரி (அந்தச் சாமானுக்கே உரிய அடையாள இலக்கம்) கேட்கும், அது பின்பக்க ஸ்டிக்கரில் அல்லது அதன் திரையிலேயே இருக்கும், வயருக்கும் வைஃபைக்கும் வேறு வேறு முகவரி என்பதால் வயரில் மாட்டிய பிறகு பதியுங்கள். கெமராப் படங்களைப் பதிகிற ரெக்கோடருக்கும் இதையே செய்யுங்கள்.

பதில்: பண்டாரவளையிலிருந்து

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்த முற்றத்தைத் தாண்டி ஸ்டோர் ரூமுக்குப் போகிற வயரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் என் கடையிலிருந்து பின்பக்கக் கட்டடத்துக்கு 30 மீற்றர் செம்பு கேபிளை, தகரத்துக்கு மேலால், வெறும் வெளியில் இழுத்திருந்தேன். ஏப்ரல் மாதம், உங்களுக்கே தெரியும், காலையில் நல்ல வெயில், இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், அப்புறம் இடி. ஒரு நாள் எங்கேயோ பக்கத்து மலையில்தான் விழுந்தது, கடையில் விழவே இல்லை. ஆனாலும் ஸ்விட்ச், ரெக்கோடர், ஒரு கொம்பியூட்டரின் நெட்வேர்க் துளை, மூன்றும் போனது. ஸ்விட்சைத் திறந்து பார்த்தேன், அந்த ஒரு துளைக்குப் பின்னால் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டி வெடித்து, போர்டில் புகை படிந்திருந்தது. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு, இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே வருகிற வித்தியாசம் அந்த வயர் வழியாகத்தான் ஓடும்.

இப்போது அந்த இடத்துக்கு ஃபைபர் போட்டிருக்கிறேன், உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீடியா கொன்வேட்டர், அதாவது ஃபைபரையும் செம்பு வயரையும் இணைக்கும் பெட்டி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. செலவு கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒரு ரெக்கோடர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடி வருகிற மாதங்களில், மார்ச் ஏப்ரலும் ஒக்டோபர் நவம்பரும், கடை பூட்டும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அதோடு ரவுட்டர், ஸ்விட்ச், விண்ணப்பம் நிரப்புகிற கொம்பியூட்டர் மூன்றையும் ஒரு யூபிஎஸ்ஸில் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பெட்டரிப் பெட்டி) போடுங்கள், கரண்ட் ஒரு நொடி வெட்டினாலும் பாதி நிரப்பிய விண்ணப்பம் போய்விடும், வயதானவர்கள் எத்தனை மைல் நடந்து வந்திருப்பார்கள். லேசர் பிரின்டரையோ போட்டோகொப்பி மெஷினையோ மட்டும் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கிற கரண்டை யூபிஎஸ் தாங்காது.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். அக்செஸ் பொயின்டுக்குப் பதிலாக வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரை மேலே மாட்டிப் பார்த்தேன். கீழிருந்து வருகிற வயரை அதன் லேன் துளையில் (உள்ளே இருக்கிற சாமான்களை மாட்டும் துளை) சொருகினேன். இன்டர்நெட் சிலநேரம் வருகிறது, சிலநேரம் இல்லை. கீழே இருக்கிற ஒரு கொம்பியூட்டரும் இப்போது அப்படித்தான். ஆட்களுக்கு வைஃபை கொடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: ஹட்டனிலிருந்து

இரண்டு ரவுட்டரும் இலக்கம் பங்கிடுகின்றன தம்பி, அதுதான். ஒரு லயத்தில் இரண்டு பேர் வீட்டு நம்பர் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. எது முதலில் பதில் சொல்கிறதோ அதன் இலக்கத்தைக் கொம்பியூட்டர் எடுத்துக்கொள்ளும், பழைய ரவுட்டர் கொடுத்ததை எடுத்தால் வெளியே போக வழி இல்லை. பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு லெப்டொப்பில் இணைத்து, அதன் டிஎச்சிபியை நிறுத்துங்கள், அதன் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், பிறகு இப்போது இருப்பது போலவே லேன் துளையில் மாட்டுங்கள். வெளி இன்டர்நெட் லைனுக்கான வேன் துளையைத் தொடாதீர்கள், அதில் மாட்டினால் மேல்மாடி தனி நெட்வேர்க் ஆகிவிடும்.

ஆட்களுக்கு வைஃபை கொடுக்கலாம், ஆனால் கெஸ்ட் நெட்வேர்க்கில் (கடைக் கொம்பியூட்டர்களைத் தொட முடியாத தனி வைஃபை) மட்டும், அதுவும் கீழே இருக்கிற முதல் ரவுட்டரில். உங்கள் கொம்பியூட்டரில் மற்றவர்களின் அடையாள அட்டை ஸ்கேன், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகப் பக்கம் எல்லாம் இருக்கும். அந்தச் சனம் உங்களை நம்பித்தான் தருகிறது. அவை கிடக்கிற நெட்வேர்க்கில் யாரோ ஒருவருடைய ஃபோனை விடவே கூடாது. பிள்ளைகளின் லெப்டொப்பும் அப்படித்தான், ஆனால் பழைய ரவுட்டரை அக்செஸ் பொயின்டாக மாற்றினால் அதன் கெஸ்ட் வசதி பெரும்பாலும் உண்மையாகப் பிரிக்காது. பிரிக்க வேண்டும் என்றால் வீலேன் (ஒரே வயரில் நெட்வேர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) தெரிந்த ஸ்விட்சும் அக்செஸ் பொயின்டும் வேண்டும், கம்பனி ரவுட்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதுவரை ஃபோல்டர் எதையும் ஷெயார் பண்ணி வைக்காதீர்கள்.

பதில்: நுவரெலியாவிலிருந்து

கேபிள் பற்றி யாரும் சொல்லவில்லை. கேட் 6 (நெட்வேர்க் கேபிளின் ஒரு தரம்) என்று எழுதியிருந்தாலும் வாங்குவதற்கு முன் ஒரு துண்டு கேட்டு, உள்ளே இருக்கிற கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். செம்பு நிறம் போய் வெள்ளி மாதிரித் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். மடக்கினால் முறியும், நம் ஊர் ஈரத்துக்கு நுனியும் சீக்கிரம் கெடும். நுனியில் பிளக் அடித்த பிறகு கொம்பியூட்டரில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள், ஜிகாபிட் துளையில் 1000க்குப் பதிலாக 100 என்று காட்டினால் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடவில்லை, திரும்ப அடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:

பழைய ரவுட்டர் சரியாகிவிட்டது, நேற்று இரண்டு மணிநேரம் நான்கு லெப்டொப்பிலும் ஒரு தடவைகூட வெட்டவில்லை. பிரின்டருக்கு 20 கொடுத்துவிட்டேன், இன்று காலை போட்டதும் அதே இலக்கத்தோடு எழும்பியது. கேபிளைச் சுரண்டிப் பார்த்தேன், வெள்ளிதான், ரோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஸ்டோர் ரூமுக்கு ஃபைபர் வாங்கக் காசு சேரும் வரைக்கும் அந்தக் கொம்பியூட்டரையும் கெமராவையும் முன்பக்கமே வைத்திருக்கிறோம்.