9 வருஷ சிஸ்டம் அட்மின், இப்போ செக்யூரிட்டியும் என் தலையில: எங்க இருந்து படிக்க ஆரம்பிக்கிறது?

சர்வர்ரூம்_வாசி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். 9 வருஷமா சிஸ்டம் அட்மினா இருக்கேன். விண்டோஸ் சர்வர்தான் அதிகம், கொஞ்சம் லினக்ஸ், ஆக்டிவ் டைரக்டரி (கம்பெனி யூசர் அக்கவுண்ட்கள நிர்வகிக்கிறது), பேக்கப், பேட்ச் (ஓட்டைய அடைக்கிற அப்டேட்) போடறது, இதுதான் தினசரி வேலை. போன மாசம் மேனேஜர் கூப்பிட்டு இனிமே செக்யூரிட்டியும் நீங்களே பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டார், தனியா ஆள் எடுக்கப்போறதில்லையாம். சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன், ஆனா உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்கு, ஏதாவது நடந்தா என்னைத்தான் கேப்பாங்க.

செக்யூரிட்டி சோதனைக்குன்னே வர்ற காளி லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணேன், மெனுவ திறந்தா 600-க்கு மேல டூல் இருக்கு. மெட்டாஸ்ப்ளாய்ட்னு ஓட்டை வழியா உள்ள போற டூலோட வீடியோ நாலஞ்சு பாத்தேன், வீடியோல காட்டினத அப்படியே பண்ணா எனக்கும் வருது, ஆனா மறுநாள் ஆபீஸ் போய் உக்காந்தா என் சர்வர்ல நான் என்ன பண்ணணும்னு ஒண்ணும் புரியல. ஒரு பக்கம் செக்யூரிட்டி பிளஸ்ன்ற அடிப்படை சர்டிஃபிகேட் எழுதுன்னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் ஓஎஸ்சிபின்ற தாக்குதல் பக்க சர்டிஃபிகேட் இல்லாம யாரும் மதிக்க மாட்டாங்கன்றாங்க. ஒரு நாளைக்கு எனக்கு கிடைக்கிறது ஒரு மணி நேரம், அதுவும் குழந்தை தூங்கின பிறகுதான். இந்த ஒரு மணி நேரத்த எதுல போடறது? இந்த வழியில போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லாக்_பாக்குறவன் எழுதினது:

நண்பா, முதல்ல அந்த 600 டூலயும் மறந்துடுங்க. உங்க கையில அதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, 9 வருஷமா அந்த சர்வர்கள பாத்து எது வழக்கம் எது வழக்கமில்லன்னு உங்களுக்கு தெரியும், புதுசா செக்யூரிட்டி கோர்ஸ் முடிச்சு வர்ற ஆளுக்கு அது தெரியாது.

2024 மார்ச்ல வந்த எக்ஸ்இசட் விவகாரம் ஞாபகம் இருக்கா? லினக்ஸ்ல எல்லா இடத்திலயும் இருக்கிற ஒரு கம்ப்ரஷன் லைப்ரரி, அதோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல யாரோ பின்வாசல் வெச்சிருந்தாங்க. கண்டுபிடிச்சது எந்த செக்யூரிட்டி கம்பெனியும் இல்ல, ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர். அவர் வேற ஏதோ வேகத்த அளந்துட்டு இருந்தப்போ எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து சர்வர்ல நுழையற வழி) லாகின் தேவையில்லாம சிபியூ தின்னுது, அரை செகண்ட் கூடுதலா ஆகுதுன்னு கவனிச்சார், ஏன்னு தோண்டினார், அவ்வளவுதான். நான் செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் இல்லன்னு இத வெளிய சொன்ன மெயில்லயே எழுதியிருப்பார். வழக்கம் தெரிஞ்ச ஆளுக்குத்தான் அந்த அரை செகண்ட் உறுத்தும்.

அதனால லாக்ல (என்ன நடந்துச்சுன்னு சர்வர் எழுதி வெக்கிற பதிவு) ஆரம்பிங்க. விண்டோஸ்ல நாலு ஈவென்ட் ஐடி (ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஒரு நம்பர்) போதும் முதல் வாரத்துக்கு: 4624 லாகின் ஆனது, 4625 லாகின் தோத்தது, 4688 புது ப்ராசஸ் (ப்ரோக்ராம்) ஓடினது, 1102 ஆடிட் லாக அழிச்சது. இதுல 4688 சும்மா விட்டா முழு கமாண்ட் லைன் வராது, பாலிசில தனியா ஆன் பண்ணணும், அது இல்லாம பவர்ஷெல் (விண்டோஸ் கமாண்ட் டூல்) ஓடுச்சுன்னு மட்டும் தெரியும், என்ன ஓடுச்சுன்னு தெரியாது. அடுத்து சிஸ்மான், மைக்ரோசாஃப்ட்டே இலவசமா தர்ற கண்காணிப்பு டூல், எந்த ப்ராசஸ் எங்க கனெக்ட் ஆச்சுன்றது வரைக்கும் சொல்லும்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல பேக்கப் தானா ஓட வெச்சிருந்த சர்வீஸ் அக்கவுண்ட்ட யாரோ பிடிச்சுட்டாங்க. எப்போ உள்ள வந்தாங்கன்னு பாக்கலாம்னு போனா செக்யூரிட்டி லாக் டீஃபால்ட் 20 எம்பிலயே கிடந்துச்சு, எங்க சர்வர்ல இருந்த டிராஃபிக்குக்கு அது ஒன்றரை நாள்கூட தாங்கல, பழசு எல்லாம் மேல மேல எழுதப்பட்டு போயிடுச்சு. வாங்கின டூலுக்கு குறைச்சலே இல்ல, ஆனா அந்த ஒரு அளவ மாத்த யாருக்கும் தோணல, எனக்கும் தோணல. மூணு ராத்திரி உக்காந்தும் முதல் நாள் என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நாளைக்கே போய் அத பெருசு பண்ணுங்க, அப்புறம் வாஸூ (லாக சேகரிச்சு பாக்கிற டூல்) மாதிரி ஏதாவது ஒண்ண போட்டு லாக வேற மெஷினுக்கு அனுப்புங்க, ஏன்னா உள்ள வந்தவன் முதல்ல அழிக்கிறது அந்த மெஷின்ல இருக்கிற லாகத்தான்.

படிக்கிற முறைக்கு வர்றேன். லேப்டாப்ல ரெண்டு விஎம் (லேப்டாப்புக்குள்ளயே ஓடற மெய்நிகர் கம்ப்யூட்டர்) போடுங்க, ஒண்ணு விண்டோஸ் சர்வர் (180 நாள் இவேல்யுவேஷன் கிடைக்குது), இன்னொண்ணு காளி. ரெண்டையும் ஹோஸ்ட் ஒன்லி நெட்வொர்க்ல வைங்க, வெளிய போகக்கூடாது. இந்தப் பக்கம் இருந்து தாக்குங்க, அந்தப் பக்கம் உக்காந்து என்ன தெரியுதுன்னு பாருங்க. என்மேப்ல (எந்த போர்ட் திறந்திருக்குன்னு தேடற டூல்) ஸ்கேன் ஓட்டும்போது வயர்ஷார்க்க (நெட்வொர்க்ல போறத காட்டற டூல்) திறந்து வைங்க: சின் (இணைப்பு கேக்கிற பாக்கெட்) போகுது, திறந்த போர்ட்டுன்னா சின்-ஆக் (சரின்ற பதில்) திரும்பி வருது, மூடின போர்ட்டுன்னா ரீசெட் (மறுப்பு) வருது, நடுவுல ஃபயர்வால் விழுங்கிடுச்சுன்னா ஒண்ணுமே வராது. என்மேப் ஓப்பன், க்ளோஸ்டு, ஃபில்டர்டுன்னு போடறதுக்கு அர்த்தம் அப்போதான் கண்ணுக்கு தெரியும். ஒரு டூல், ரெண்டு பக்கமும் பாத்தாச்சுன்னா அடுத்த டூல். ஒரு மணி நேரம் இதுக்கு தாராளமா போதும்.

கோட்_எழுதறவள் எழுதினது:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா டெவலப்பர் பக்கம் இருந்து நான் ஒண்ணு சேக்கணும், ஏன்னா செக்யூரிட்டி உங்க தலையிலன்னா எங்க கோடும் உங்க தலையிலதான் வந்து விழும் அண்ணா.

2021 டிசம்பர்ல லாக்ஃபோர்ஜேன்ற ஜாவா லாக் லைப்ரரில பிரச்சனை வந்தப்போ சிவிஎஸ்எஸ் (ஓட்டை எவ்வளவு மோசம்னு தர்ற மதிப்பு) ஸ்கோர் 10-க்கு 10, எங்க டீம்ல எல்லாரும் பேட்ச் போட ரெடியா இருந்தோம். ஆனா எங்க போடணும்னு தெரியல. நாங்க நேரா சேத்த லைப்ரரியா இருந்தா ஒரு ஃபைல பாத்தா முடிஞ்சிருக்கும், இது நாங்க சேத்த லைப்ரரிக்குள்ள இருந்த இன்னொரு லைப்ரரிக்குள்ள இருந்துச்சு, அதுபோக வெளிய வாங்கின சாஃப்ட்வேர் உள்ள வேற. கண்டுபிடிக்கிறதுக்குத்தான் நாள் போச்சு, சரி பண்றதுக்கு இல்ல. அதுக்கப்புறம்தான் எங்க ஒவ்வொரு பில்டுலயும் ட்ரிவின்ற ஸ்கேனர ஓட்டி உள்ள என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் எடுத்து வெக்கிறோம்.

இன்னொண்ணு, கிட்லீக்ஸ்னு ஒரு சின்ன டூல், கோடுக்குள்ள விட்டுப்போன ரகசியங்கள தேடறது, உங்க கம்பெனி ரெப்போல (கோட் சேமிக்கிற இடம்) ஒரு தடவ ஓட்டிப் பாருங்க (கேட்டுட்டு ஓட்டுங்க). பாஸ்வேர்ட், ஏபிஐ கீ எல்லாம் வரும். நிறைய பேர் அடுத்த கமிட்ல (கோட் மாத்தத்த பதிவு பண்றது) அழிச்சிட்டா போச்சுன்னு நினைக்கிறாங்க, ஹிஸ்டரில அது அப்படியேதான் இருக்கும், அந்த கீய மாத்தினாத்தான் தீரும். வெப் பக்கம் புரியணும்னா போர்ட்ஸ்விகரோட வெப் செக்யூரிட்டி அகாடமி, முழுக்க இலவசம், லேபோட சேத்து. ஆக்சஸ் கன்ட்ரோல் (யார் எத தொடலாம்ன்றது) பாடத்துல ஆரம்பிங்க, வெப் ஆபத்துகள பட்டியல் போடற 2021 ஓவாஸ்ப் டாப் 10-ல முதல் இடம் அதுக்குத்தான்.

ராத்திரி_ஷிஃப்ட் எழுதினது:

சர்டிஃபிகேட் பத்தி யாரும் பேசலயே, நான் சொல்றேன், மூணுல ரெண்டு எழுதியிருக்கேன்.

செக்யூரிட்டி பிளஸ்: 90 நிமிஷம், அதிகபட்சம் 90 கேள்வி, 900-க்கு 750 எடுக்கணும். உங்களுக்கு பாதி ஏற்கனவே தெரிஞ்சதாத்தான் இருக்கும், மீதி பாதி ரிஸ்க், பாலிசி, இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ்னு நம்ம அட்மின்கள் தொடாத பகுதி. அதுக்காகவே படிக்கலாம், மேனேஜ்மென்ட்கிட்ட பேச வார்த்தை கிடைக்கும்.

ஓஎஸ்சிபி: 23 மணி 45 நிமிஷம் எக்ஸாம், அது முடிஞ்சு ரிப்போர்ட் எழுத இன்னொரு 24 மணி நேரம். பென்டெஸ்டரா (அனுமதியோட தாக்கிப் பாக்கிறவர்) போகணும்னா எழுதுங்க. நீங்க காவல் காக்கிற பக்கம், சின்ன குழந்தை வேற வீட்டுல, இப்போ அது வேண்டாம்னுதான் நான் சொல்வேன். நான் எழுதினப்போ நாலு மாசம் வீட்டுல யார்கூடயும் சரியா பேசல, அந்த விலை எனக்கு இன்னமும் வலிக்குது.

சிஐஎஸ்எஸ்பி (அனுபவம் உள்ளவங்களுக்கான சர்டிஃபிகேட்): 8 டொமைன்ல (பாடப்பகுதி) குறைஞ்சது ரெண்டுல மொத்தம் 5 வருஷ அனுபவம் கேப்பாங்க. டைட்டில்ல செக்யூரிட்டின்னு இருக்கணும்னு அவசியமில்ல, நீங்க அக்கவுண்ட், பெர்மிஷன், பேட்ச், பேக்கப் பாத்த வருஷத்துல நல்ல பகுதி கணக்குல வர வாய்ப்பு இருக்கு. நான் இன்னும் எழுதல, அடுத்த வருஷம் பாக்கலாம்னு இருக்கேன்.

ஒரு எச்சரிக்கை, இத தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. ஆபீஸ் நெட்வொர்க்ல ஸ்கேன் ஓட்டறதுக்கு முன்னாடி எழுத்துல அனுமதி வாங்குங்க, எந்த ஐபி ரேஞ்ச், எந்த நேரம், பிரச்சனைன்னா யாருக்கு போன், எல்லாம் அதுல இருக்கணும். நீங்களே அட்மினா இருந்தாலும் வாங்குங்க. பழைய பிரின்டர், மெஷின் கன்ட்ரோலர் எல்லாம் சாதாரண ஸ்கேனுக்கே நின்னு போகும், எங்க டீம்ல ஒருத்தர் நல்ல எண்ணத்துலதான் ஓட்டினார், ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலை நின்னுச்சு, கையில பேப்பர் இல்லாததால அவரால ஒரு வார்த்தை பேச முடியல.

சர்வர்ரூம்_வாசி எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அனுமதி மெயில் அனுப்பி பதிலும் வாங்கிட்டேன். லாக் அளவ ஏத்திட்டேன், நாங்களும் 20 எம்பிலதான் இருந்தோம். லேபும் போட்டாச்சு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, காளில இருந்து ஆர்டிபில (தூரத்துல இருந்து விண்டோஸ் டெஸ்க்டாப்ப திறக்கிறது) தப்பான பாஸ்வேர்ட் 20 தடவ போட்டேன், 4625 வருது, ஆனா லாகன் டைப் (எந்த வழியா லாகின்னு சொல்ற நம்பர்) 10 வரும்னு எங்கயோ படிச்சேன், எனக்கு எல்லாமே 3-னுதான் வருது. நான் ஏதாவது தப்பு பண்றேனா? ரெண்டாவது, ஆபீஸ்ல ஓட்டை தேடற ஒரு ஸ்கேனர் ஓட்டினேன், 4,000-க்கு மேல ஃபைண்டிங் வந்து நிக்குது, கிரிட்டிகல் மட்டுமே 300 கிட்ட. நான் ஒரு ஆளு. எத முதல்ல தொடறது?

லாக்_பாக்குறவன் எழுதினது:

முதல் கேள்வி அருமையான கேள்வி, நீங்க தப்பு பண்ணல. என்எல்ஏன்ற ஆர்டிபி செட்டிங் ஆன்ல இருந்தா டெஸ்க்டாப் செஷன் திறக்கறதுக்கு முன்னாடியே நெட்வொர்க் வழியா பாஸ்வேர்ட சரிபார்க்கும், அதனால தோத்த லாகின் டைப் 3-ஆ பதிவாகும். சரியான பாஸ்வேர்ட் போட்டு உள்ள போங்க, அப்போ 4624-ல டைப் 10 பாக்கலாம். டைப் 10 மட்டும் தேடி அலர்ட் எழுதி வெச்சிருந்தா ஆர்டிபில பாஸ்வேர்ட் அடிச்சு பாக்கிற எவனும் அதுல சிக்கமாட்டான். இத எந்த வீடியோலயும் இல்லாம நீங்களே ரெண்டு பக்கமும் பாத்து பிடிச்சிருக்கீங்க.

300 கிரிட்டிகல் பத்தி: சிவிஎஸ்எஸ் ஸ்கோர மட்டும் வெச்சு வரிசைப்படுத்தாதீங்க. அது ஓட்டை எவ்வளவு மோசம்னு சொல்லும், யாராவது அத பயன்படுத்தறாங்களான்னு சொல்லாது. அமெரிக்க அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர்ல இருந்து ஒரு லிஸ்ட் வெச்சிருக்கு, கேஇவின்னு பேரு, நிஜத்துல தாக்குதல்ல பயன்படுத்தப்பட்ட ஓட்டை மட்டும்தான் அதுல வரும், யார் வேணா டவுன்லோடு பண்ணலாம். உங்க 4,000-த்தையும் அதையும் ஒரு ஷீட்ல வெச்சு பொருத்துங்க. பொருந்தினதுல இன்டர்நெட்ட பாத்து நிக்கிற மெஷின் முதல்ல, அடுத்து டொமைன் கன்ட்ரோலரும் (ஆக்டிவ் டைரக்டரி ஓடற சர்வர்) பேக்கப்பும், மீதி எல்லாம் வழக்கமான மாச பேட்ச்ல போகட்டும். நாள் கடத்தாதீங்க. வான்னாக்ரை ரான்சம்வேர் பரவ பயன்படுத்தின ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-லயே பேட்ச் குடுத்துடுச்சு, அது பரவினது மே 12. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் பேட்ச் கையிலயே இருந்துச்சு.

ராத்திரி_ஷிஃப்ட் எழுதினது:

பேக்கப்புன்னு மேல வந்ததால சொல்றேன், பேக்கப் சர்வர டொமைன்ல இருந்து பிரிச்சு தனி அக்கவுண்ட்ல வைங்க. டொமைன் அட்மின் போனா பேக்கப்பும் போச்சுன்ற நிலைமைல இருக்காதீங்க. ரெஸ்டோர் ஒரு தடவையாவது நிஜமா பண்ணிப் பாருங்க.

சர்வர்ரூம்_வாசி எழுதினது:

அப்டேட் போடறேன், யாருக்காவது உதவும்.

ஷீட்ல பொருத்தினேன். 300 கிரிட்டிகல்ல கேஇவி லிஸ்ட்ல இருந்தது 11. அதுல வெளிய தெரியற மெஷின் 2, ஒண்ணு நாங்க யாரும் பயன்படுத்தாத பழைய விபிஎன் பாக்ஸ், நான் வேலைக்கு சேந்தப்பவே ஓரமா ஓடிட்டு இருந்துச்சு, யார்கிட்ட கேட்டாலும் தெரியாதுன்றாங்க. வெள்ளிக்கிழமை மேனேஜர்கிட்ட சொல்லி ஆஃப் பண்ணிட்டேன், யாரும் கூப்பிட்டு கேக்கல. இன்னொண்ணுக்கு பேட்ச் போட்டாச்சு. மீதி 9 இந்த வாரம்.

சர்வீஸ் அக்கவுண்ட் ஒண்ணு தினமும் ராத்திரி 2 மணிக்கு 4625 கொட்டுது, தூக்கிவாரிப் போட்டுச்சு, பாத்தா பாஸ்வேர்ட் மாத்தினப்போ ஒரு ஷெட்யூல்டு டாஸ்க்ல மாத்தாம விட்டிருக்கேன், ஏழு மாசமா அந்த ரிப்போர்ட் ஓடவே இல்ல. சரி பண்ணிட்டேன். செக்யூரிட்டி பிளஸ்க்கு புக் பண்ணிட்டேன். இன்னிக்கு ராத்திரி சிஸ்மான் கான்ஃபிக் எழுத உக்காரப்போறேன், ஈவென்ட் 1-லயும் (ப்ராசஸ் ஓடினது) 3-லயும் (நெட்வொர்க் கனெக்ஷன்) எத ஃபில்டர் பண்ணி விடறதுன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும், லேப்ல சும்மா இருக்கும்போதே ஆயிரக்கணக்குல வருது.