ஹாஸ்டலுக்குப் போனபிறகு உங்கள் எடை என்ன ஆச்சு?

கோவையில் பொறியியல் சேர்ந்தபோது நான் 52 கிலோ, உயரம் 158 செ.மீ. இரண்டே வருடத்தில் 64. ரூம்மேட் என்னைவிட உயரம், ஆனால் 43 கிலோதான். என்னைப் பார்த்தால் 'என்னடி இப்படிப் பெருத்துட்டே' என்பார்கள், அவளைப் பார்த்தால் 'கொடி மாதிரி இருக்கா' என்பார்கள்.

இத்தனைக்கும் இரண்டு பேர் தூக்கமும் காலை ஓட்டமும் ஒரே மாதிரிதான். ராத்திரி 2 மணி வரை ஃபோன், காலையில் மெஸ் மூடுகிற நேரத்தில் எழுந்து சாப்பிடாமலே லேபுக்கு ஓட்டம். 11 மணிக்குப் பசி பிடுங்கும்போது நான் கேன்டீனில் ரெண்டு பப்ஸ், அவள் வெறும் டீ. ராத்திரி நான் அறையிலேயே கெட்டிலில் நூடுல்ஸ் போடுவேன், குண்டாகிவிடுவோமோ என்று அவள் அதையும் தொடமாட்டாள்.

மூன்றாம் வருடம் லேபில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. துணைக்குப் போன என்னையும் டாக்டர் எடை பார்த்தார். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் பிஎம்ஐ அவளுக்கு 16.4, எனக்கு 25.6. 30 தாண்டினால்தானே உடற்பருமன் என்று கேட்டேன். நமக்கு வயிற்றில் கொழுப்பு சீக்கிரம் சேரும், குறைந்த எடையிலேயே சர்க்கரை வரும், அதனால் இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே உடற்பருமன் என்றார். ஆனால் அவர் அதிகம் கவலைப்பட்டது அவளைப் பற்றித்தான். அவளைக் கொடி என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி, அது இன்னும் உறுத்துகிறது.

*

அக்கா, எனக்குக் கழுத்தில் தெரிந்தது. பின்கழுத்து கறுத்துத் தடித்துப்போச்சு. அழுக்கு என்று நினைத்து அம்மா கடலைமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிவிட்டது. தோல் டாக்டரிடம் போனால் அவர் களிம்பு எழுதாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.9. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலையாம். இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காததால் அது அதிகமாகச் சுரந்து தோலைக் கறுக்க வைக்கிறது என்றார். எனக்கு அப்போது வயது 19.

இப்போது மெஸ் இட்லியை விடுவதில்லை, கூல்டிரிங்க்ஸ் கிடையாது, சாயங்காலம் சுண்டல், ராத்திரி ஃபோன் பேசுவதெல்லாம் கிரவுண்டைச் சுற்றி நடந்துகொண்டேதான். ஐந்து மாதத்தில் 6 கிலோ இறங்கியது, கழுத்து இன்னும் முழுசாகத் தெளியவில்லை. உங்க ரூம்மேட் இப்ப எப்படி இருக்காங்க?

*

49 கிலோ, தம்பி. இரும்புச்சத்து மாத்திரை போடும் நேரத்தில் மட்டும் டீ குடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. காலையில் யார் முதலில் எழுந்தாலும் மற்றவளையும் எழுப்பி மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். பெரும்பாலும் அவள்தான் என்னை எழுப்புகிறாள்.