ஐராவதம் மகாதேவனின் தமிழ்ப் பேட்டிகள் யாரிடமாவது இருக்கின்றனவா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். ஓர் ஆய்வாளர் தம் நூலைப் பற்றிப் பேசிய பதிவைக் கேட்டுவிட்டு, அதை வைத்துப் பேசுவோம். அடுத்த கூட்டம் கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவனுக்கு.

2003-இல் க்ரியா பதிப்பகமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் வெளியிட்ட அவருடைய நூல், தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்-பிராமியில் குகைகளிலும் பாறைகளிலும் வெட்டிய கல்வெட்டுகளைப் பற்றியது. அதைப் பற்றி அவரே தமிழில் விரிவாகப் பேசிய ஒலிப்பதிவோ காணொளியோ வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரியாகவும் 'தினமணி' ஆசிரியராகவும் இருந்தவர், இத்தனை குகைகளுக்கும் ஏறி இறங்கியவர். ஓர் எழுத்தை எப்படிப் படித்தார், எங்கே தயங்கினார் என்பதை அவர் குரலில் கேட்க வேண்டும் என்று ஆசை.

போன தை மாதம் கரூர் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலைக்குப் போயிருந்தேன். முதலில் வெறும் பாறைதான் தெரிந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் கீறல்கள் எழுத்தாக எழுந்து வந்தன. கோ ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர்கள். பதிற்றுப்பத்தோடு அவர் இதைப் பொருத்திக் காட்டிய விதத்தை எங்கள் பிள்ளைகளும் கேட்க வேண்டும்.

2018-இல் அவர் மறைந்துவிட்டார், இனி நேரில் கேட்க வழியில்லை. பழைய கேசட், வானொலிப் பதிவு, கருத்தரங்கக் கேள்வி-பதில், எதுவானாலும் சரி. சிற்றிதழ்ப் பேட்டியின் நகல் இருந்தாலும் அனுப்புங்கள், வாசித்துக்கொள்கிறோம். நகலெடுக்கும் செலவை நான் தருகிறேன்.