ஓரியனை எடுத்தது ஒரு ராத்திரி, மென்பொருளோட கிடந்தது மூணு கிழமை. உங்களுக்கும் நடந்ததா?

கல்லடி வாசி:

மாசி மாசம், மழை விட்டு வானம் கழுவித் துடைச்ச மாதிரி இருந்த ராத்திரி. பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் மணலில முக்காலியை நட்டு, 50 மில்லிமீற்றர் லென்சால ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தை 200 தரம் எடுத்தன். ஒவ்வொண்டும் 4 செக்கன். எடுத்த படங்களை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி ஒரே படமாக்கிற மென்பொருள்தான் சிரில், அது இஞ்ச எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அந்தச் சிவப்பு வரியைப் பற்றி.

அந்த வேலையைத் தானாச் செய்யிற ஸ்கிரிப்டை ஓட விட்டா ரெண்டே செக்கன்ல நிண்டுரும். சிவப்பு எழுத்தில ஆங்கிலத்தில ஒரு வரி, அந்த போல்டருக்குள்ள போக ஏலாது எண்டு. எனக்கு அது கொம்பியூட்டர் அனுமதி தரேல்ல எண்டுதான் விளங்கிச்சு. விண்டோஸ்ல அனுமதி எங்கெங்க மாத்தலாமோ எல்லாத்தையும் மாத்தினன். அழிச்சுப்போட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணினன். பழைய பதிப்பு ஒண்டு இறக்கப் போய் மாசத்து டேட்டா முடிஞ்சுது. ராத்திரி படுத்தாலும் அந்தச் சிவப்பு வரிதான் கண்ணுக்குள்ள நிக்கும்.

மூணாம் கிழமை அப்பா கதிரையை இழுத்துப் போட்டு பக்கத்தில இருந்தார். கந்தோரில முப்பது வருசம் கோவை பாத்த மனுசன், கொம்பியூட்டர் தொட்டதில்ல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டி, திரையில விரலை வச்சு எழுத்தெழுத்தா வாசிச்சார். "மனே, இது கேக்கிறது 'லைட்ஸ்'. நீ போல்டருக்கு எழுதி வச்சிருக்கிறது 'லைட்'. கடைசியில ஒரு எழுத்துக் குறையுது." அந்த எழுத்தைச் சேத்து அமத்தினன், ஓடிச்சு. நான் ஒண்டும் பேசேல்ல. அவர் எழும்பித் தண்ணி குடிக்கப் போய்ட்டார். அந்த விரல் திரையில நிண்டதை இண்டைக்கும் மறக்க ஏலாமக் கிடக்கு.

அக்கரைப்பற்றுக் கரை:

உங்களுக்கு ஒரு எழுத்து, எனக்கு ஒரு திசை.

வைகாசியில இஷா தொழுதுட்டு தொலைநோக்கியைக் கடற்கரைக்குக் கொண்டு போன. ராத்தாட புள்ளைகள் நாலு பேரும் கூட. ஒமேகா சென்டாரி எண்ட நட்சத்திரக் கொத்து நம்மட பக்கத்தில 35 பாகை உயரத்துக்கு ஏறி வரும், ஐரோப்பாவில பெரும்பாலான ஆக்களுக்கு அதைப் பாக்கவே கிடைக்காது. அதைக் காட்டுறன் எண்டு ஒரு கிழமையா ஆசை காட்டி வச்சிருந்தன். லப்டொப்பில பெயரைத் தேடிப் போகச் சொன்னன். மோட்டர் இரைஞ்சு இரைஞ்சு சுத்தி, கடைசியில குழாய் மண்ணைப் பாத்துக்கிட்டு நிண்டது. சின்னவள் குனிஞ்சு குழாய்ட முனையையும் மண்ணையும் மாறி மாறிப் பாத்தாள். "மாமா, அது இன்னும் கடலுக்குள்ளயா இரிக்கி?"

காரணம் பிடிக்க ரெண்டு நாள் போச்சு. நெடுங்கோடு 81.8 எண்டு சரியாத்தான் போட்டிருக்கன். பக்கத்தில கிழக்கா மேற்கா எண்டு ஒரு சின்னப் பெட்டி, அது முதலே மேற்கில இருந்திரிக்கி. அந்த ஒண்டால வானம் கிட்டத்தட்ட 11 மணித்தியாலம் தள்ளிப் போகும். மறுகா புள்ளைகளக் கூட்டிக்கொண்டு போகக் கிடைக்கல்ல, பள்ளிக்கூடம் தொடங்கிட்டு.

பட்டிருப்பு ஆசிரியர்:

கல்லடித் தம்பி கோபிக்க வேண்டாம். போல்டர் பெயர்கள் சிரில் வழிகாட்டியில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. லைட்ஸ், டார்க்ஸ், பிளாட்ஸ், பயஸஸ் என்று நான்கு. முதலாவது வானத்தை எடுத்த படங்களுக்கு, மற்ற மூன்றும் அவற்றின் குறைகளைத் திருத்த எடுக்கும் படங்களுக்கு. ஆங்கிலச் சின்ன எழுத்தில், பன்மையில். முதலில் வாசித்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் முறை. எனக்கும் ஒருதரம், கருவிகளைக் கணினியோடு இணைக்கும் ஆஸ்கொம் மென்பொருளைப் போடாமல், தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டின் ட்ரைவரைப் போட்டு ஒரு இரவு வீணானது, அதைத் தவிர வேறு சிக்கல் வந்ததில்லை.

இனி வருபவர்களுக்காக எழுதுகிறேன். டார்க் என்றால் லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு, அதே ஐஎஸ்ஓ, அதே நேர அளவு, அதே இடத்தில் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து காற்றாடிக்குக் கீழே எடுத்தால் வெப்பநிலை மாறிவிடும். பயஸ் என்பது மூடியோடு கமராவின் மிக வேகமான ஷட்டரில் எடுப்பது. பிளாட்டுக்கு நான் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸில் இழுத்துக் கட்டி, விடியற்காலை வானத்தைப் பார்த்து எடுப்பேன். கஞ்சி போட்ட வேட்டி கூடாது, மடிப்புக் கோடு படத்தில் விழும். இவை எதுவுமே இல்லையென்றால் அதற்கென்றே தனி ஸ்கிரிப்ட் இருக்கிறது, வழக்கமானதை ஓட்டிவிட்டு நின்றுவிட்டது என்று கவலைப்படக் கூடாது.

இன்னொன்று, டிஸ்க்கில் இடம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று மூன்று நிறமாகப் பிரிந்து 32 பிட்டில் எழுதப்படும்போது 288 எம்பி ஆகும். 200 படத்துக்கு 57 ஜிபி. நட்சத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்தியபின் அதே அளவில் இன்னொரு பிரதி. ஆகவே 120 ஜிபியாவது வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். படத்தில் இருப்பது வானத்தின் எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்கும் அஸ்டாப் மென்பொருளைப் போடுகிறவர்கள் நட்சத்திரப் பட்டியலைத் தனியாக இறக்க வேண்டும். லென்ஸின் குவியத் தூரத்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு அது வானத்தை அடையாளம் காணவில்லை என்று என்னிடம் வருபவர்கள்தான் அதிகம்.

கல்லடி வாசி:

சேர், நான் வழி கேக்கேல்ல. நடந்ததைச் சொன்னன். வழிகாட்டியை வாசிச்சனான், ரெண்டு தரம். நாலு பெயரையும் வாசிச்சு, கண்ணுக்குத் தெரிஞ்சும் கை 'லைட்' எண்டு எழுதிட்டுது. தமிழில யோசிக்கிறவனுக்கு அந்தக் கடைசி எழுத்து காதில விழாது. 'கல்' எண்டாலும் 'கற்கள்' எண்டாலும் நமக்கு ஒரே குவியல்தானே. வாசிக்காமத் தொடங்கினவன் எண்டு மட்டும் சொல்லாதீங்க.

வேட்டி விசயம் நல்லது, இந்த மாசம் செய்து பாக்கிறன்.

வெல்லாவெளி வயல்:

சேர் சொன்னதெல்லாம் மேசையில வச்சுச் செய்யிற ஆக்களுக்குச் சரி. எங்கட பக்கம் இருட்டு நல்ல இருட்டு, ஆனா யானை வரும். போன வருசம் வரம்பில இருந்து நட்சத்திரம் விலகாம மவுண்டைத் திருத்திக்கொண்டிருக்கிற கைடிங் ஓடிக்கொண்டு கிடக்கு, வேலிக்கு அங்கால கொப்பு முறியிற சத்தம். திரை வெளிச்சம் தெரியக்கூடா எண்டு லப்டொப்பை மூடினன். மூடினதும் அது தூங்கிட்டு, மவுண்ட் தொடர்பு விட்டுப் போச்சு. ஒன்றரை மணித்தியால உழைப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சின்ன நீல விளக்கு நூந்து நூந்து எரியிறதைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். மூடினாலும் தூங்காம இருக்கிறதுக்கு விண்டோஸ்லயே ஒரு அமைப்பு இருக்கு எண்டது விடிஞ்சாப் பிறகுதான் தெரியும்.

துருவ நட்சத்திரம் இன்னொரு பாடு. மட்டக்களப்பில அது அடிவானத்துக்கு மேல 8 பாகை அளவிலதான் நிக்கும், எங்களுக்குத் தென்னைக்குப் பின்னால. மவுண்ட்ட அச்சைத் துருவத்துக்கு நேர வைக்கவேணும், செயலி 'துருவத்தைக் காட்டு' எண்டு நிக்கும், நான் எங்க போய்க் காட்டுற? நீனா எண்ட படமெடுக்கிற மென்பொருளில மூண்டு புள்ளி வச்சுச் சரிபண்ணுற செருகி ஒண்டு இருக்கு, அதுக்குத் துருவ நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிய வேணும் எண்டில்ல. அதைக் கண்டபிறகுதான் ஆறுதல்.

திருக்கோவில் பெண்:

எழுதுவமா விடுவமா எண்டு நாலு நாளா யோசிச்சன். 2024 செப்டம்பர் கடைசி, சுச்சின்ஷான் அட்லஸ் வால்வெள்ளி. விடிய நாலரைக்கு அம்மாவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனன். கடலுக்கு மேல, வாலை மேல தூக்கிக்கொண்டு. அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. விடியிற வெளிச்சம் ஏறுறதுக்குள்ள 64 படம்.

வீட்ட வந்து, சிரில் மாதிரிப் படம் அடுக்கிற டீப் ஸ்கை ஸ்டேக்கர்ல போட்டன். முக்கால் மணித்தியாலம் ஓடி, முடிவில கறுப்புத் திரை. ஒண்டும் இல்ல, அங்கங்க நாலு வெள்ளைப் புள்ளி. படமெல்லாம் பழுதாப் போச்சு எண்டு நினைச்சன். லப்டொப்பில இடமும் இல்ல. 64 படத்தையும் அழிச்சன், அது தானாச் சேமிச்சு வச்ச பைலையும் சேத்து அழிச்சன். அழிக்கவா எண்டு கேட்டுச்சு, ஓம் எண்டன். அடுத்த கிழமை மச்சாள்ட கலியாணத்துக்கு அதே மெமரி கார்டுதான்.

ரெண்டு மாசத்துக்குப் பிறகுதான் விளங்கிச்சு. கமரா தன்ர திரையில காட்டுற படம் ஏற்கனவே வெளிச்சம் தூக்கினது. அடுக்கி வாற படம் தூக்காதது, அது கறுப்பாத்தான் வரும், நாமதான் இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டு வரவேணும். படம் உள்ளுக்க இருந்திருக்கு.

பட்டிருப்பு ஆசிரியர்:

மகள், கார்டை உடனே எடுத்து வைத்திருந்தால் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மேலே எழுதப்பட்டபின் கடினம்.

திருக்கோவில் பெண்:

தெரியும் சேர். பாத்தன், கலியாணப் படம்தான் வந்தது.

அண்டைக்கு விடிய, கமராத் திரையைப் போனால எடுத்து கட்டார்ல இருக்கிற தம்பிக்கு வட்ஸ்அப்பில ஒண்டு அனுப்பியிருந்தன். அது அவன்ட போன்ல இருந்திருக்கு, திருப்பி அனுப்பினான். திரையில என்ர விரலடையாளமும் விழுந்து கிடக்கு, அதுக்குக் கீழ வால் தெரியுது. அம்மா அதைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லிக் கேக்கிறா. கல்முனையில எந்த ஸ்டூடியோவில சின்னப் படத்தைப் பெருசாக்கி நல்லாப் போடுவாங்க எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.