சங்கிலிப் படங்கள்: இரும்பு சாம்பலாக வருகிறது, தங்கம் பிளாஸ்டிக்காக வருகிறது

வைகைக்கரை (கேள்வி):
'சங்கிலி' என்ற ஒரே பொருளில் 12 படம் எடுக்கிறேன். எல்லாம் மதுரையும் சுற்றுவட்டாரமும்தான். ஊஞ்சல் சங்கிலி, சைக்கிள் செயின், டிராக்டர் டிரெய்லரின் பின்கதவுச் சங்கிலி, கருப்பசாமி கோயிலில் நேர்ந்து தொங்கவிட்டது, கழுத்துச் செயின். கேமரா கிராப் சென்சார் (சிறிய சென்சார்), கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ், ஒரு 1:1 மேக்ரோ (பொருளை நிஜ அளவிலேயே சென்சாரில் பதிக்கும் லென்ஸ்). இரும்பு கறுப்பாக இல்லாமல் வெளிறிப்போகிறது. தங்கச் செயின் மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. ஊஞ்சல் மொத்தமும் கலங்கல். போலரைசர் (பளபளப்பை வெட்டும் ஃபில்டர்) வாங்கினால் தங்கத்தின் பளபளப்பு அடங்குமா? சித்திரைத் தேரின் சங்கிலியை எங்கே நின்று எடுக்கலாம்?

பழங்காநத்தத்தான்:
போலரைசரை விடுங்க. அந்தக் காசில் ஒரு கட்டு டிரேசிங் பேப்பரே வாங்கலாம். தண்ணீர், கண்ணாடி, பெயின்ட் இவற்றின் மேல் விழும் பளபளப்பைத்தான் அது வெட்டும். பாலிஷ் போட்ட உலோகத்திடம் அதன் வேலை நடக்காது. விளக்குக்கும் ஒரு போலரைசிங் தாள் மாட்டினால் அடங்கும்தான், ஆனால் தங்கம் அதோடு செத்துவிடும்.

தங்கம் எதிரே இருப்பதைத்தான் காட்டும். நாலு பக்கமும் வெள்ளை வைத்தால் கண்ணியின் விளிம்பே தெரியாது. உங்களுக்கு நடப்பது அதுதான். டிரேசிங் பேப்பரைக் கூம்பாகச் சுற்றிச் செயினைக் கவிழ்த்து மூடுங்கள், மேலே லென்ஸ் நுழைய ஓட்டை. வெளியிலிருந்து ஒரே ஒரு எல்இடி. உள்ளே இடதும் வலதும் விரல் அகலத்தில் கறுப்புச் சார்ட் பட்டை. பட்டையை நகர்த்திக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் ஒவ்வொரு கண்ணியின் ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அங்கே நிறுத்துங்கள். சிவப்புச் சட்டையோடு குனிந்தால் செயினும் சிவக்கும், ஜாக்கிரதை.

கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மஞ்சளைக் குறைக்கப் பார்த்துத் தங்கத்தை எலுமிச்சை நிறத்துக்குக் கொண்டுபோகும். கிரே கார்டு (நிறம் பார்க்க வைக்கும் சாம்பல் அட்டை) வைத்துக் கையால் அமையுங்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள், தங்கத்தில் முதலில் எரிந்துபோவது அதுதான். முறுக்குச் செயின் என்றால் பரப்பும் முன் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, சுழல் நின்ற பிறகு இறக்குங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு கண்ணி மட்டும் குப்புறக் கிடக்கும், எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.

இரும்புக்குச் சுலபம். கேமராவின் வெளிச்ச மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கும். ஃபிரேமை இரும்பு நிறைத்தால் 1 முதல் 1.5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுங்கள்.

ஆரப்பாளையம் ராஜா:
மேலே சொன்னது சரி, ஆனால் இரும்பில் எக்ஸ்போஷரை விட வெளிச்சம் வரும் பக்கம் முக்கியம். டிரெய்லர் சங்கிலியைக் கிட்டப் போய்ப் பாருங்க. கண்ணி முழுக்கச் செந்துரு. கண்ணியும் கண்ணியும் உரசுகிற உள்வளைவில் மட்டும் கடுகளவு இடம் வெள்ளி மாதிரி தேய்ந்திருக்கும். சங்கிலி எத்தனை நாள் பாரம் இழுத்தது என்று சொல்வது அந்த இடம்தான். உச்சி வெயிலில் அது வெறும் வெள்ளைப் பொட்டு. காலை ஏழரைக்குள் பக்கவாட்டு வெயிலில் அதே இடத்தில் தேய்மானக் கீறல்கூடத் தெரியும். ஸ்பிரேயரில் லேசாகத் தண்ணீர் அடித்தால் துருவின் நிறம் ஆழமாகும், இங்கே உங்கள் போலரைசரும் கொஞ்சம் உதவும்.

தொய்ந்த சங்கிலியை லென்ஸின் அகலமான 18 மி.மீ.யில் எடுத்தால் வளைவை ஃபிரேமின் நடுவில் வையுங்கள். ஓரத்துக்குத் தள்ளினால் லென்ஸ் இழுத்து, தொய்வு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும்.

ஊஞ்சல்: சங்கிலி இரண்டரை மீட்டர் என்றால் போய்த் திரும்ப மூன்று நொடிக்குக் கொஞ்சம் மேல். அரை மீட்டர் வீச்சில் ஆடினால் நடுவில் பலகை நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும். அங்கே உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு வெளிச்சம் ஏது? இரண்டு முனையிலும் ஊஞ்சல் ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்தினால் 1/125 போதும். ஆனால் கலங்கலை விரட்டாதீங்க என்பது என் கட்சி. டிரைபாட், 1/8 நொடி, ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிசெய்வது) ஆஃப், பலகை நடுவைக் கடக்கும்போது கிளிக். கீழே அரைச் சாண் அகலத்துக்குக் கரையும், மேலே போகப் போகக் கலங்கல் சுருங்கும், உத்தரக் கொக்கியை ஒட்டிய கண்ணிகள் கூராக நிற்கும். பித்தளைச் சங்கிலியில் இது அழகு.

மேலமாசி வீதி:
மதுரையில் தேர் இழுப்பது வடத்தில், சங்கிலியில் இல்லை. இரும்புச் சங்கிலி பூட்டிய பெரிய தேருக்குத் திருவண்ணாமலை போகணும், கல் சங்கிலிக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில். மீனாட்சி கோயிலுக்குள் 2018 முதல் செல்போனே கூடாது, கேமராவைப் பற்றிப் பேச வேண்டாம்.

கருப்பசாமி கோயில்களில் பூசாரியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நேர்ந்த சங்கிலியைத் தொட்டுத் திருப்பி வைப்பது, தண்ணீர் அடிப்பது, ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். குங்குமமும் எண்ணெயும் ஏறிய இரும்புக்குத் திறந்தவெளி நிழல் வெளிச்சமே போதும். ரயில் பெட்டியின் அபாயச் சங்கிலியையும் பட்டியலில் சேருங்கள், வெளிறிய சுவரில் அந்தச் சிவப்பு எடுபடும். காரணமில்லாமல் இழுத்தால் 1989 ரயில்வே சட்டம் 141ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. சைக்கிள் செயின் மேக்ரோவில் ஒரு கண்ணி தவிர எல்லாம் மங்கல். லென்ஸ் துளையை எஃப்/22 வரை சுருக்கி வைத்தும் கூர்மை இல்லை.

பழங்காநத்தத்தான்:
1:1-ல் எஃப்/22 என்பது நடைமுறையில் எஃப்/44, டிஃப்ராக்‌ஷன் (சின்னத் துளையில் ஒளி விரிந்து பரவுவது) எல்லாவற்றையும் மழுக்கிவிடும். எஃப்/8-க்கு வாங்க. அதிலும் 1:1-ல் கூர்மையாக விழும் ஆழம் முக்கால் மி.மீ.கூடத் தேறாது. செயினின் பிட்ச் (ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை தூரம்) 12.7 மி.மீ., அதனால் உங்கள் சென்சாரில் இரண்டு பிட்ச்கூட அடங்காது. 1:2-க்குப் பின்வாங்கினால் மூன்றரை பிட்ச் கிடைக்கும், ஆழமும் 2 மி.மீ. ஆகும். தகட்டுக்கு நேர் இணையாக லென்ஸை நிறுத்திப் பக்கவாட்டில் எடுங்கள். வெளித்தகடும் உள்ளே ரோலரும் கூராக வேண்டுமென்றால் 1 மி.மீ. தள்ளித் தள்ளி நாலைந்து படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் பண்ணலாம். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து ரோலருக்கு ஒரே சொட்டு எண்ணெய். அதிகமானால் வழிந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். பெடலைக் கயிற்றால் சைக்கிள் ஃபிரேமோடு கட்டிவிடுங்கள், ஸ்டாண்டு போட்டாலும் அது தன் எடைக்கு நகரும்.