பார்மசி ரெசிடென்சி, இன்டர்வியூ, மேட்ச்: இன்னும் மனசுல உறுத்துற ஒரு சம்பவம் சொல்லுங்க

கோவைப்பொண்ணு_ஓஹாயோ

பிஜிஒய்1 (அமெரிக்காவுல பார்மசி படிப்பு முடிச்சப்புறம் பண்ற முதல் வருஷ ரெசிடென்சிப் பயிற்சி) சேர்ந்து வேலையும் பழகிடுச்சு. ஆனா ஒரு இன்டர்வியூ மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. ஃபோர்காஸ்ங்கிற விண்ணப்பத் தளம், லெட்டர் ஆஃப் இன்டென்ட்ங்கிற விருப்பக் கடிதம், இந்தக் கதையெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இன்டர்வியூல கொடுத்த கேஸுக்கு நேரா வர்றேன்.

எழுபது தாண்டின பாட்டி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத் துடிப்பு ஒழுங்கில்லாம இருக்கிறது) வருஷக்கணக்கா வார்ஃபரின், ரத்தம் உறையாம தடுக்கிற மருந்து. யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு பாக்ட்ரிம் எழுதி அனுப்பியிருக்காங்க. பாக்ட்ரிம், வார்ஃபரினை உடம்புல உடைக்கிற 2சி9 என்சைமைத் தடுக்கும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கிற நேரத்தோட அளவு) ஏறும், கிட்னி ஒத்துழைச்சா நைட்ரோஃபுரன்டாயினுக்கு மாத்தச் சொல்லுவேன், இல்லன்னா வார்ஃபரினைக் கொஞ்சம் குறைச்சு சில நாள்லயே ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லுவேன்னு சொன்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க.

அப்ப புரோகிராம் டைரக்டர் பேனாவைக் கீழ வெச்சாங்க. "டாக்டர் மாத்த முடியாதுன்னு சொல்லி போனை வெச்சுட்டார். பாட்டியோட மகள் கவுன்ட்டர்ல நிக்கிறா, வேலைக்கு நேரமாச்சுன்னு அவசரப்படுறா. இப்ப என்ன பண்ணுவ?"

மகளைத் தனியா கூப்பிட்டு ரத்தக்கசிவு அறிகுறி என்னென்னன்னு சொல்லுவேன், வார்ஃபரின் பார்க்கிற கிளினிக்குக்கு நானே போன் பண்ணி ஐஎன்ஆருக்குத் தேதி வாங்குவேன், அதுக்கப்புறம்தான் மருந்தைக் கையில கொடுப்பேன்னு சொன்னேன். யாரும் எதுவும் பேசல. அவங்க ஒரு வார்த்தைகூட எழுதிக்கல. அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க.

அந்த இடத்தைத்தான் மேட்ச்சுக்குக் (ரெண்டு பக்கமும் கொடுக்கிற விருப்ப வரிசையை வெச்சு இடம் ஒதுக்குற முறை) கொடுத்த என் ரேங்க் லிஸ்ட்ல முதல்ல போட்டிருந்தேன். கிடைச்சது வேற இடம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்தான். ஆனாலும் அவங்க எந்தப் பதிலை எதிர்பார்த்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும். உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

தஞ்சாவூரான்_டெக்சாஸ்

எனக்கு இன்டர்வியூ வரைக்கும் போகவே வேண்டியிருக்கல. அனஹைம்ல நடந்த மிட்இயர், அதாவது பார்மசிஸ்ட்களோட வருடாந்திர மாநாடு, 2023 டிசம்பர். ரெசிடென்சி புரோகிராம்கள் பூத் போட்டு ஆள் பார்க்கிற ஷோகேஸ் ஹால்ல கூட்டம் எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். நான் மனசுல வெச்சிருந்த புரோகிராமோட பூத்ல ஒரு ரெசிடென்ட் பையன் நின்னான். ஆன்டிபயாட்டிக் ஸ்டூவர்ட்ஷிப்ல (ஆன்டிபயாட்டிக்கை அளவா, சரியா பயன்படுத்த வைக்கிறது) நான் பண்ணின வேலையைக் கேட்டான், நல்லாப் பேசினான், புரோகிராம் விவரம் அச்சடிச்ச தாளை எடுத்து நீட்டினான். நான் எஃப்-1 மாணவர் விசாவுல இருக்கேன்னு சொன்னேன். நீட்டின தாளை அப்படியே அடுக்குல திரும்ப வெச்சுட்டான்.

அவன் முகத்துல வெறுப்பு எதுவும் இல்ல. கை மட்டும் தானா பின்னாடி போச்சு. அதுதான் இன்னும் வலிக்குது. நம்மள மாதிரி விசாவுல இருக்கிறவங்க ஷோகேஸுக்குச் செலவு பண்ணிப் போகவே வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து.

மதுரைக்காரி_பிஜிஒய்2

தம்பி, நீங்க பட்டது வருத்தம்தான். ஆனா "போகவே வேண்டாம்"ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். இதைப் படிக்கிற ஜூனியர்ஸ் பயந்துடுவாங்க.

பூத்ல நிக்கிறது பெரும்பாலும் ரெசிடென்ட்ஸ். விசா முடிவு அவங்க கையில இல்ல, மருத்துவமனையோட ஹெச்ஆர் கையில இருக்கு. நானும் எஃப்-1தான். ஒரு பூத்ல "எங்களுக்கு அது சரிவராது"ன்னு சொன்னாங்க. அதே வரிசையில ரெண்டு பூத் தள்ளி நின்ன டைரக்டர், "ஹெச்ஆர்கிட்ட கேட்டுட்டு மெயில் போடுறேன்"னு சொன்னாங்க, சொன்ன மாதிரியே போட்டாங்க. என் பிஜிஒய்1 அங்கதான். என் கதை அவ்வளவுதான்.

கேட்கலன்னாலும் இதைச் சொல்லிடுறேன். ஓபிடின்னா எஃப்-1ல படிச்சு முடிச்சவங்க வேலை பார்க்கக் கிடைக்கிற அனுமதி. ஃபார்ம்.டி பட்டத்துக்கு, அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கிற ஸ்டெம் நீட்டிப்பு கிடையாது, 12 மாசம்தான். பிஜிஒய்1 ஒரு வருஷம். அதனால தேதிதான் எல்லாம். படிப்பு முடிஞ்ச 60 நாளுக்குள்ள ஓபிடி தொடங்குற தேதியை நாமதான் குறிக்கணும். அவசரப்பட்டு மே மாசக் கடைசியில குறிச்சா, அடுத்த வருஷம் ஜூன்ல ரெசிடென்சி முடியறதுக்குள்ள ஓபிடி தீர்ந்துடும். ரெசிடென்சி தொடங்குற தேதியை ஒட்டிக் குறிங்க. மேட்ச் வரைக்கும் காத்திருந்துட்டு, ரிசல்ட் வந்த உடனே யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல போய் நில்லுங்க.

பிஜிஒய்2, அதாவது ரெண்டாவது வருஷ ரெசிடென்சி வேணும்னா எச்-1பி வேலை விசா தேவைப்படும். யுனிவர்சிட்டி மருத்துவமனை, யுனிவர்சிட்டியோட இணைஞ்ச லாப நோக்கமில்லாத மருத்துவமனை, இதெல்லாம் எச்-1பி லாட்டரிக்கு வெளியே வரும். அதனால தேடும்போதே அந்த மாதிரி இடங்களைத் தனியா பிரிச்சு வெச்சுக்கோங்க. விண்ணப்பத்துல "இப்பவோ பின்னாடியோ ஸ்பான்சர் தேவைப்படுமா"ன்னு கேட்டா உள்ளதை உள்ளபடி எழுதுங்க. மறைச்சு உள்ள போய், பாதியில பிரச்சினை ஆனவங்களை எனக்குத் தெரியும்.

ஷோகேஸுக்கு முன்னாடியே டைரக்டருக்கு ரெண்டு வரி மெயில் போட்டு விசா பத்திக் கேட்டுடுங்க. ஹால்ல நிக்கிற நேரம் மிச்சமாகும், மனசும் மிச்சமாகும்.

சேலத்து_ஃபார்ம்டி

நான் இங்க படிச்சவ இல்ல. நம்ம ஊர்ல ஆறு வருஷ ஃபார்ம்.டி. அந்தப் படிப்பு 2008ல வந்ததால எனக்கு வழி கிடைச்சது. பி.ஃபார்ம் நாலு வருஷம்தாங்கிறதால என் அண்ணனால, வெளிநாட்டுல படிச்ச பார்மசிஸ்ட்களுக்கான எஃப்பிஜிஇஇ தேர்வை எழுதவே முடியல. 2003லிருந்து பட்டம் வாங்கினவங்களுக்கு அஞ்சு வருஷப் படிப்பு வேணும்ங்கிறாங்க. அந்தத் தேர்வு வழியா வாங்குற எஃப்பிஜிஇசி சான்றிதழ் இருந்தா பிஜிஒய்1க்கு விண்ணப்பிக்கலாம்ங்கிறது நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியல.

எனக்கு முட்டுக்கட்டையா இருந்தது சிபாரிசுக் கடிதம். இங்க ரொட்டேஷனே (படிப்போட பகுதியா வேலை இடத்துல பண்ற பயிற்சி) பண்ணாதவளுக்கு யார் எழுதுவா? இன்டர்னா வேலை பார்த்த இடத்துல நைட் ஷிஃப்ட் பார்மசிஸ்ட் ஒருத்தர், அதிகம் பேசமாட்டார், தானா வந்து "நான் எழுதுறேன்"னார்.

இன்டர்வியூல டைரக்டர் அந்தக் கடிதத்துல இருந்து ஒரு வரியை வாசிச்சுக் காட்டினாங்க. "ராத்திரி மூணு மணிக்கு ஐவி ஆர்டர்ல சந்தேகம் வந்தா, இவ நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்காம பையை வெளிய அனுப்பமாட்டா." எந்த ராத்திரின்னு எனக்கு உடனே தெரிஞ்சது. பொட்டாசியம் ஆர்டர். நான் பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சேன்னு அன்னைக்கு எல்லாரும் எரிச்சல்பட்டாங்க. அவர் மட்டும் எதுவும் சொல்லாம பக்கத்துல வேலை பார்த்துட்டிருந்தார். எனக்கு அழுகை வந்துடுச்சு, டைரக்டர் தண்ணி ஊத்திக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் நான் என்ன பேசினேன்னு சரியா ஞாபகம் இல்ல. இடம் கிடைச்சது.

கோவைப்பொண்ணு, உங்க பதில்ல குறை எதுவும் எனக்குத் தெரியல. டாக்டர்கிட்ட பேசினதைப் பதிவு பண்ணுவேன்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா நல்லா இருந்திருக்கும், அவ்வளவுதான்.

நெல்லை_ரீட்டெய்ல்

மேல சொன்னதெல்லாம் சரி. ஆனா கோவைப்பொண்ணு, கிடைக்கும்னு நம்பிக்கை இருக்கிற இடத்தை முதல்ல போடாம, ஆசைப்பட்ட இடத்தை முதல்ல போட்டீங்களே, அது ஆபத்து. இப்படிப் போட்டுத்தான் என் ரூம்மேட்டுக்கு எங்கயுமே மேட்ச் ஆகல.

ஃபேஸ்டூ_திருச்சி

நெல்லை அண்ணா, தயவுசெஞ்சு இதைப் பரப்பாதீங்க. தப்பு. மேட்ச் கணக்கு விண்ணப்பிக்கிறவங்க பக்கம் இருந்துதான் தொடங்குது. உங்க முதல் இடத்தைக் கேட்கும், அங்க உங்களைவிட அவங்க விரும்பின ஆளுங்களால இடம் நிரம்பியிருந்தா ரெண்டாவதுக்கு வரும். முதல் இடம் கிடைக்காததால ரெண்டாவது இடத்துல உங்க வாய்ப்பு துளிகூடக் குறையாது. 1962ல கேல், ஷாப்லிங்கிற ரெண்டு கணித அறிஞர்கள் போட்ட கணக்குல இருந்து வளர்ந்தது இது. ஷாப்லிக்கும், இதை வளர்த்த ராத்துக்கும் 2012ல பொருளாதார நோபல் கொடுத்தாங்க. உங்க ரூம்மேட் லிஸ்ட்ல எத்தனை இடம் இருந்ததுன்னு கேளுங்க, வரிசையில தப்பு இருந்திருக்காது.

எனக்கும் முதல் சுத்துல எங்கயும் மேட்ச் ஆகல, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். மார்ச்ல அந்த மெயில் வந்தப்ப ரொட்டேஷன்ல கடை கவுன்ட்டர்ல நின்னுட்டிருந்தேன். முன்னாடி ஒரு பெரியவர் இன்சுலினுக்கு ஏன் இந்த விலைன்னு கேட்டுட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயிற்சி கொடுத்த பிரீசெப்டர் எனக்கும் அவருக்கும் நடுவுல வந்து நின்னு, "உள்ள போ, நிரம்பாத இடங்களோட லிஸ்ட் வந்திருக்கும், இப்பவே பாரு"ன்னாங்க. மருந்து அலமாரிக்குப் பின்னாடி தரையில உட்கார்ந்து ஃபோன்ல பார்த்தேன். ஃபேஸ் டூ, அதாவது மேட்ச்சோட ரெண்டாவது சுத்து, 2016லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி மேட்ச் ஆகாதவங்க ஒவ்வொரு மருத்துவமனைக்கா போன் போடணுமாம்.

அந்த லிஸ்ட்ல இருந்த ஒரு சின்ன ஊர்ல ஆம்புலேட்டரி கேர் (வெளிநோயாளி சிகிச்சை) கத்துக்கிட்டேன். இப்ப அந்த பிரீசெப்டருக்கு ஒவ்வொரு மார்ச்சும் மெயில் போடுறேன்.

தஞ்சாவூரான்_டெக்சாஸ்

மதுரை அக்கா, ஓபிடி தேதி விஷயம் எனக்கு யாருமே சொல்லல. ஒரு கேள்வி: ரெசிடென்சி ஜூன் நடுவுலயே தொடங்குற இடமா இருந்தா?

மதுரைக்காரி_பிஜிஒய்2

அப்ப அந்தத் தேதியையே குறிங்க தம்பி. ஓபிடி அட்டை கைக்கு வராம வேலை தொடங்க முடியாது, அதனால விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீங்க. தேதி உறுதியானதும் எனக்குத் தனியா எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.