12 கிலோ நாட்டு நாயோடு கொல்லிமலை, ஹிமாலயன் 411: ரேக்கில் கிரேட் கட்டலாமா?

காவிரிக்கரை:
திருச்சியிலிருந்து கொல்லிமலை, இரண்டு இரவு. செம்மேடு பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் டெண்ட் போட அனுமதி வாங்கியாச்சு. வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். நாய் நாட்டு ரகம், பெட்டை, மூணு வயசு, 12 கிலோ, தோளுயரம் 43 செ.மீ. காரில் அமைதியா வருவா, பைக்கில் ஏறினதே இல்லை. பின் ரேக்கில் பிளாஸ்டிக் கிரேட் (நாய்க்கூண்டு) வைத்து பட்டியால் இறுக்கிடலாம்னு யோசனை. இரண்டு வாரம் இருக்கு. போதுமா? எழுபது கொண்டை ஊசியில் வாந்தி எடுப்பாளா?

பட்டறைவாசி:
ரேக்கில் வேண்டாம். அது டெண்ட், துணிப்பை வைக்கிற இடம். எடை வரம்பு மேனுவலில் இருக்கும், பாருங்க. நாய் 12, பெட்டி 6 அல்லது 7, இவ்வளவும் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கினால் முன் சக்கரம் லேசாகி ஏற்றத்தில் ஹேண்டில் ஆடும். போதாததுக்கு இது அசையுற சுமை. குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் ரேக் வெல்டிங்கில்தான் அடி விழும்.

பில்லியன் சீட்டைத் தனியாகக் கழற்றலாம் இல்லையா, அந்த இடத்தில் 12 மி.மீ. மரைன் பிளைவுட் பலகை போடுங்க. முன்பாதி சீட் உட்காரும் சட்டத்தில் உட்காரணும், பின்பாதியை ரேக் குழாயில் யு-கிளாம்ப் போட்டுப் பிடிக்கணும். 8 மி.மீ. போல்ட், அகல வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது). சாதா நட் போட்டால் அதிர்வில் கழன்றுடும். பெட்டிக்கு 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, உள்ளளவு 55 நீளம், 42 அகலம், சுவர் 35 செ.மீ. உயரம். உட்காரவும் சுருண்டு படுக்கவும் இது போதும். அடியில் 10 மி.மீ. ரப்பர் மேட்டை ஒட்டிடுங்க, சும்மா விரிச்சா பிரேக் பிடிக்கும்போது மேட்டோடு சேர்ந்து நாயும் உங்க முதுகில் வந்து மோதும். சந்தையில் விற்கிற கிரேட்டில் தரை சல்லடையா இருக்கும், நகம் மாட்டிக்கும்.

நம்பர் பிளேட்டும் டெயில் லேம்பும் மறையக் கூடாது. பின் சஸ்பென்ஷன் பிரிலோடை (ஸ்பிரிங் இறுக்கத்தை) ஏத்துங்க, டயர் காற்று ஆள் பின்னால் உட்கார்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. ஹெட்லைட் மேல்நோக்கிப் போயிருக்கும், அதையும் இறக்கணும்.

இப்ப கட்டும் பட்டி. கழுத்துப் பட்டையில் எதையும் மாட்டாதீங்க, நாய் வெளியே குதிச்சா தூக்கில் தொங்குற மாதிரி ஆயிடும். மார்பு ஹார்னஸ், இடமும் வலமும் இரண்டு குட்டைப் பட்டி, பூட்டு உள்ள ஸ்டீல் காரபினர் (கொக்கி வளையம்). நாய் எழுந்து நின்றாலும் மார்பு பெட்டி விளிம்பைத் தாண்டாத நீளம்தான் சரியான நீளம். இழுபடும் பஞ்சி கயிறு கூடவே கூடாது. நாட்டு நாய்க்கு மார்பு ஆழம், இடுப்பு ஒல்லி. பின்னோக்கி நடந்தால் சாதா ஹார்னஸ் தலை வழியா உருவிக்கும். விலா எலும்புக்குப் பின்னால் மூணாவது பட்டை உள்ளதா வாங்குங்க. வீட்டிலேயே முன்னால் நின்று இழுத்துப் பாருங்க, உருவுதா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

நாயை ஏத்துறது சென்டர் ஸ்டாண்டில், இடது பக்கமாக. சைலன்சர் வலது பக்கம்.

மருந்துச்சீட்டு:
பெட்டி ஒரு வாரத்தில் தயாராகும், நாய் ஆகாது. இரண்டு வாரம் போதாது, குறைந்தது நாலு. முதல் வாரம் பெட்டி வீட்டுத் தரையில், சாப்பாடு அதற்குள்ளேதான். அடுத்து ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் பெட்டி, இன்ஜின் அணைத்தபடி. பிறகு இன்ஜின் ஓட ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். பிறகு தெருவுக்குள் நடை வேகம், அதன்பின் 5, 15, 40 கி.மீ. எந்தப் படியிலாவது எச்சில் ஒழுகினால், திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டால், முந்தைய படிக்குத் திரும்புங்கள். நாய்க்கான காற்றுக் கண்ணாடியையும் இதே காலத்தில் பழக்குங்கள். 60 கி.மீ. வேகத்தில் ஒரு பூச்சி பட்டால் கருவிழியில் புண்.

வாந்தி: காரில் வராதது பைக்கில் வரலாம். கிளம்பும் முன் நாலு மணி நேரம் சாப்பாடு இல்லை, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. மரோபிடன்ட் மாத்திரை உண்டு. மருத்துவரிடம் கேட்கும்போது "பயணத்துக்கு" என்று சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் சாதாரண வாந்திக்கான அளவைவிடப் பயண வாந்திக்கு அளவு அதிகம். புறப்பட இரண்டு மணி நேரம் முன் கொடுப்பது. மனிதர்களின் பாராசிட்டமால், ஐபுப்ரூஃபன் எதையும் தொடாதீர்கள்.

வெயில்தான் உண்மையான ஆபத்து. விடியற்காலை கிளம்பி பத்து மணிக்குள் மலை ஏறிவிடுங்கள். ஓடும்போது காற்று காப்பாற்றும். டீக்கடையில் நிறுத்தியதும் அலுமினியப் பெட்டி அடுப்பாகிவிடும், உடனே இறக்கி நிழலில் கட்டுங்கள். நாயின் இயல்பான உடல் சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் 40 தாண்டிக் காட்டி, ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் பசை போல இருந்தால், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும். 39.5க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். அதன்பின் நேரே மருத்துவமனை.

தண்ணீர் சாதாரண நாளில் கிலோவுக்கு 60 மி.லி., உங்கள் நாய்க்கு 700 மி.லி. பயண நாளில் ஒன்றரை லிட்டர் வையுங்கள். சாப்பாடு வீட்டில் தின்பதே. பரோட்டா சால்னா மிச்சம் வேண்டாம்: வெங்காயம் ரத்த சிவப்பணுவை உடைக்கும்.

உண்ணிக்கு ஃபுளூரலானர் அல்லது அஃபாக்சோலனர் மாத்திரை, ஒரு வாரம் முன்பே. இவை உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும், அதனால் தினமும் காது மடல், விரலிடுக்கு, தொடையிடுக்கு தடவிப் பார்க்கத்தான் வேண்டும். ரேபிஸ், லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்கட்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது உங்கள் பாதையின் பெரிய வசதி. இரவு நேரத்தில் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டு வையுங்கள்.

கூடாரக்காரன்:
இடத் தேர்வு சரி. வால்பாறைன்னு சொல்லியிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அங்க சிறுத்தை குடியிருப்புக்குள்ளயே நாயைத் தேடி வரும்.

ராத்திரி நாய் டெண்டுக்கு உள்ளேதான். காட்டுப்பன்றிக்கும் தெருநாய்க் கூட்டத்துக்கும் வெளியே கட்டின நாய் தப்பாது. ஒரு ஆளுக்கும் நாய்க்கும் இருவர் டெண்ட் சரியா இருக்கும். நகத்தை நாலு நாள் முன்னாடி வெட்டி மழுங்க விடுங்க, தரையில் பழைய ஜமக்காளம் விரிங்க. காத்தடிச்ச மெத்தை பக்கமே நாயை விடாதீங்க. நாம தடவுற கொசுக் களிம்பில் டீட் (DEET) என்கிற ரசாயனம் இருந்தா அது நாய்க்கு விஷம், தடவின கையை நக்க விடக் கூடாது.

பகலில் இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்புயரத்தில் கயிறு கட்டி, அதில் வளையம் ஓடவிட்டு, இரண்டு மீட்டர் கயிறு. சிக்காது. வண்டியில் கட்டாதீங்க, சைடு ஸ்டாண்ட் ஈர மண்ணில் புதைஞ்சு நிக்கும்போது ஒரு இழுப்பு போதும், 190 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டி நாய் மேலே சாயும்.

கொண்டை ஊசியில் இன்னொண்ணு. அகலமான வளைவுகளில் குரங்கு உட்கார்ந்திருக்கும். பட்டி போட்ட நாய் குரங்கைப் பார்த்துத் துள்ளினா முதல் கியரில் போற வண்டி நேராப் பள்ளத்துப் பக்கம் சாயும். ஓய்வுக்கு நிறுத்தணும்னா குரங்கு இல்லாத நேர்ப்பாதையா பார்த்து நிறுத்துங்க.

காவிரிக்கரை:
நன்றி. தேதியை ஒரு மாதம் தள்ளிட்டேன். ஒரு சந்தேகம், பெட்டிக்கு மூடி வேணுமா? மழை வந்தா?

மருந்துச்சீட்டு:
முழு மூடி வேண்டாம், காற்று நின்றுவிடும். முன்பாதிக்கு மட்டும் வெள்ளைத் தார்ப்பாய்க் கூரை.

பட்டறைவாசி:
கூரை போட்டா காற்றைப் பிடிச்சுக்கிட்டு 70க்கு மேல வண்டி அலையும். நான் போட மாட்டேன். மழைக்கு ஒதுங்கி நின்னா போதும். வெயிலுக்கு அவர் சொல்ற மாதிரி சீக்கிரம் கிளம்புறதுதான் மருந்து.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. இந்த வண்டிக்கு ஸ்போக் வீல், டியூப் டயர். பஞ்சர்னா சக்கரத்தைக் கழற்றணும், முக்கால் மணி நேரம் ஆகும். டூல் கிட்டைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீங்க, நாயை இறக்காமலே எடுக்கிற மாதிரி இடது பையில் வைங்க. அதோட மூணு மீட்டர் கயிறு, ஒரு குடை. முதலில் நாயை ரோட்டை விட்டுத் தள்ளி நிழலில் கட்டிட்டு, அப்புறம் ஸ்பேனரை எடுங்க.